எம்.ஜி.பி.யில் இருப்பது கம்பெனி கியர்பாக்ஸ்தானா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு என்று வரும் விளம்பரங்களில் "எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் மேட்சிங் நம்பர்" என்ற வரி தவறாமல் இருக்கும். ஃபாக்டரியில் மாட்டியதே இன்னும் வண்டியில் இருக்கிறது, எண்கள் பதிவோடு ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். வண்டி இங்கிலாந்தின் எம்.ஜி. கம்பெனி செய்த எம்.ஜி.பி. என்றால் அந்த வரியின் முதல் பாதியை மட்டும் சோதித்துப் பார்க்கலாம். கியர்பாக்ஸ் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க எதிரே வைக்கும் காகிதம் கிடையாது. நாகர்கோவில் ஆர்.டி.ஓ. கொடுத்ததோ மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. கொடுத்ததோ, ஆர்.சி.யில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும்தான் இருக்கும். இங்கிலாந்தில் கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் எம்.ஜி. வண்டிகளுக்குக் கொடுக்கும் ஹெரிடேஜ் சான்றிதழிலும் தயாரித்த தேதி, எஞ்சின் எண், நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் வரும். கியர்பாக்ஸ் எண் வராது.

ஜாகுவார் ஈ-டைப் என்றால் கதை வேறு. அதன் பானெட்டுக்கு அடியிலுள்ள தகட்டிலேயே சேசிஸ், எஞ்சின், பாடி எண்களோடு கியர்பாக்ஸ் எண்ணும் குத்தப்பட்டிருக்கும். அதே எண் பெட்டியின் உடம்பிலும் மேல்மூடியிலும் இருக்கும். ஜாகுவாரின் ஹெரிடேஜ் சான்றிதழிலும் வரும். மூன்றையும் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். 1961 முதல் 1964 வரை வந்த 3.8 லிட்டர் ஈ-டைப்பின் மாஸ் கம்பெனிப் பெட்டியில் ஒன்றாம் கியருக்கு சிங்க்ரோ (கியர் கடிக்காமல் விழுவதற்கு வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லை என்பதால், பின்னால் வந்த 4.2 லிட்டர் வண்டியின் பெட்டியைத் தூக்கி அதில் மாட்டியவர்கள் நிறைய. அங்கே எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

எம்.ஜி.பி.யில் அந்த வசதி இல்லாததால் கேள்வியையே மாற்ற வேண்டும். "இதே பெட்டிதானா?" என்பதற்கு நிரூபணம் கிடைக்காது. "இந்த வண்டி ஃபாக்டரியை விட்டு வரும்போது இருந்திருக்கக்கூடிய வகைப் பெட்டியா?" என்று கேட்டால் திட்டமான பதில் கிடைக்கும். விற்பவர் "அதே பெட்டிதான் அண்ணாச்சி" என்று சத்தியம் செய்தாலும் அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வகை சரியாக இருந்தால் அதற்குரிய விலை போதும்.

இரண்டு வகைகளை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1962-இல் தொடங்கி 1967 கடைசி வரை வந்த மார்க் 1 வண்டிகளில் மூன்று சிங்க்ரோ பெட்டி. இரண்டு, மூன்று, நான்காம் கியர்களுக்கு சிங்க்ரோ உண்டு, ஒன்றுக்கு இல்லை. 1967 நவம்பர் வாக்கில் மார்க் 2 வந்தபோது நான்கு கியருக்கும் சிங்க்ரோ உள்ள பெட்டி வந்தது. 1980-இல் உற்பத்தி நிற்கும்வரை அதன் வழிவந்தவைதான். இரண்டிலும் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்க, பெட்டியின் பின்னால் சேர்க்கும் யூனிட்) உள்ளது, இல்லாதது என்று இரு பிரிவு. இவை தவிர 1967 முதல் 1973 வரை போர்க்-வார்னர் 35 ஆட்டோமேட்டிக் பெட்டியும் கேட்டால் கிடைத்தது. கம்பெனியிலிருந்து ஐந்து கியர் போட்ட எம்.ஜி.பி. ஒன்றுகூட வெளிவரவில்லை. கியர் குமிழில் 5 என்று எழுதியிருந்தால் ஒரிஜினலா என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, எந்தப் பெட்டி என்று மட்டும் கேளுங்கள்.

சோதனை பானெட்டைத் திறப்பதில் ஆரம்பிக்கிறது. சேசிஸ் எண் ஜி-எச்-என்-3 என்று தொடங்கினால் மார்க் 1 திறந்த வண்டி. ஜி-எச்-டி-3 என்றால் 1965-க்குப் பிறகு வந்த ஜி.டி. கூபே. முதல் எழுத்து எம்.ஜி., இரண்டாவது எழுத்து எஞ்சின் அளவு, மூன்றாவது பாடி, கடைசியில் வரும் எண் வரிசை. 3 என்றால் மூன்று சிங்க்ரோ இருக்க வேண்டும். 4 அல்லது 5 என்றால் நான்கு சிங்க்ரோ. எண்ணும் சிங்க்ரோவும் இப்படிக் கிட்டத்தட்ட ஒத்துவருவது தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதி.

அடுத்தது எஞ்சின் எண். பிளாக்கின் வலப்பக்கத்தில் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். பெட்டியில் ஓவர்டிரைவ் உண்டா என்பதற்கு வண்டியிலேயே எழுத்தில் கிடைக்கும் சாட்சி இது ஒன்றுதான் என்பதால் இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம்.

எண்ணின் முன்பகுதி 18ஜி, 18ஜி-ஏ, 18ஜி-பி என்று வந்தால் மார்க் 1 காலத்து எஞ்சின். முதல் இரண்டும் மூன்று மெயின் பேரிங் உள்ளவை; 18ஜி-பி 1964 அக்டோபரில் வந்த ஐந்து பேரிங் எஞ்சின். அதற்கடுத்து வரும் எழுத்துகள்தான் பெட்டியைச் சொல்கின்றன. 'யு' என்று மட்டும் இருந்தால் சாதாரணப் பெட்டி. 'ஆர்-யு' என்றால் ஓவர்டிரைவ் உள்ள பெட்டி. கடைசி எழுத்து எச் என்றால் ஹை கம்ப்ரெஷன், எல் என்றால் லோ கம்ப்ரெஷன். அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தமில்லை. மார்க் 2-வின் 18ஜி-டி, 18ஜி-ஜி எஞ்சின்களில் 'டபிள்யூ-ஈ' என்பது ஓவர்டிரைவ் இல்லாத நான்கு சிங்க்ரோ, 'ஆர்-டபிள்யூ-ஈ' என்பது ஓவர்டிரைவ் உள்ளது, 'ஆர்-சி' என்பது ஆட்டோமேட்டிக். ஆர் எழுத்தைப் பார்த்ததும் ஓவர்டிரைவ் என்று முடிவுகட்டினால் இந்தக் கடைசி வகையில் ஏமாந்துபோவோம். 1971-க்குப் பிறகு 18வி என்று தொடங்கும் எண்கள் வந்தன. அவற்றின் முதல் வரிசையில் 581 ஓவர்டிரைவ் இல்லாதது, 582 உள்ளது, 583 ஆட்டோமேட்டிக்.

ஆக, தகட்டில் 18ஜி-பி-யு-எச் என்றிருந்து, டாஷ்போர்டில் ஓவர்டிரைவ் சுவிட்ச் இருந்தால், ஓவர்டிரைவ் பிற்பாடு வந்தது. கெட்ட செய்தி என்று சொல்ல மாட்டேன், ஓட்டுவதற்கு அதுதான் சுகம். ஆனால் "கம்பெனி ஓவர்டிரைவ்" என்று சொல்லி விலை ஏற்றினால் தகட்டைக் காட்டிப் பேசலாம்.

தகட்டை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ரிவெட் அடித்த தகடு கழற்றி மாற்றக்கூடிய பொருள். ரிவெட்டின் தலை பழைய பிளாக்கின் நிறத்திலேயே எண்ணெய் படிந்து மங்கியிருக்க வேண்டும். கடையில் வாங்கிய பாப் ரிவெட் நடுவில் ஓட்டையோடு பளபளத்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். தகட்டில் 48ஜி என்று தொடங்கும் எண் இருந்தால் அது எம்.ஜி.யின் தாய்க் கம்பெனியான பி.எம்.சி. புதுப்பித்துக் கொடுத்த கோல்டு சீல் வகை மாற்று எஞ்சின். அந்த எஞ்சின் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் பிறப்பிலேயே இருந்த பெட்டியைப் பற்றிய துப்பு அத்தோடு போய்விட்டது. அப்போது ஹெரிடேஜ் சான்றிதழ் வரவழைப்பதுதான் வழி. முதல் எஞ்சின் எண் அதில் முன்னெழுத்துகளோடு வரும். அதிலிருந்து பெட்டி வகையை மேலே சொன்னபடி படித்துக்கொள்ளலாம். கம்பெனியில் பொருத்திய கூடுதல் சாதனங்களின் பட்டியலில் ஓவர்டிரைவ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பானெட் திறந்திருக்கும்போதே ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினின் வலப்பக்கம், கீழே. மார்க் 1-இல் இருப்பது பெண்டிக்ஸ் வகை: நீண்ட உருளை மட்டும், சோலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) தனியாக வேறிடத்தில். மார்க் 2-வில் சோலினாய்டு ஸ்டார்ட்டரின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். நான்கு சிங்க்ரோ பெட்டியோடு ஃபிளைவீல் பல்லும் எஞ்சினின் பின்தகடும் ஸ்டார்ட்டரும் சேர்ந்தே மாறின. அதனால் முன்னெழுத்துகளுக்குப் பின் 3 என்று வரும் சேசிஸில் முதுகில் சோலினாய்டு உள்ள ஸ்டார்ட்டர் இருந்தால், பின்னால் நான்கு சிங்க்ரோ பெட்டி இருக்க நல்ல வாய்ப்பு. உறுதி என்று சொல்ல முடியாது. இப்போது சந்தையில் கிடைக்கும் புதுவகை கியர்-ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டர்களிலும் சோலினாய்டு கூடவே ஒட்டியிருக்கும். அவற்றைப் பழைய பெட்டிக்கும் மாட்டுகிறார்கள்.

வண்டிக்குள் உட்கார்ந்தால் பலரும் முதலில் தேடுவது டிப்ஸ்டிக். மூன்று சிங்க்ரோ பெட்டிக்கு டனலின் (வண்டிக்குள் நடுவே பெட்டியை மூடி நிற்கும் மேடு) மேல் கார்ப்பெட்டுக்கு அடியில் ரப்பர் மூடி இருக்கும், அதைத் தூக்கினால் டிப்ஸ்டிக். ஆனால் நான்கு சிங்க்ரோ பெட்டியின் ஆரம்ப காலத்திலும் டிப்ஸ்டிக் இருந்தது. பிந்தையவற்றில்தான் பக்கவாட்டில் பிளக் வந்தது. டிப்ஸ்டிக் இல்லையென்றால் மூன்று சிங்க்ரோ அல்ல என்று சொல்லலாம், இருந்தால் எதுவும் சொல்ல முடியாது.

ஒன்றாம் கியர் சோதனையும் இப்படித்தான். வண்டி மெல்ல உருளும்போது ஒன்றுக்குத் தள்ளினால் "கர்ர்" என்று கடித்தால் மூன்று சிங்க்ரோ என்பார்கள். தேய்ந்துபோன நான்கு சிங்க்ரோவும் அப்படியே கடிக்கும். சத்தத்தை நம்புவதைவிடப் பல்லை எண்ணுவது மேல். பெட்டியைத் திறக்காமலே எண்ண ஒரு வழி இருக்கிறது.

ரிவர்ஸ் கியர்தான் திறவுகோல். மூன்று சிங்க்ரோவில் ரிவர்ஸ் விகிதம் 4.76. நான்கு சிங்க்ரோவில் 3.09. இவ்வளவு பெரிய வித்தியாசம் வேறு எந்தக் கியரிலும் இல்லை. ஒன்றாம் கியரில் 3.64, 3.44 என்று ஒட்டி ஒட்டி வரும், இரண்டில் 2.21, 2.17, மூன்றில் 1.37, 1.38. நான்காவது இரண்டிலும் நேரடி.

செய்முறை இது. முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு இரண்டு நிறுத்துங்கள். நம் பக்கத்தில் கைக்கு அகப்படும் வெட்டுக்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தும் பழக்கம் உண்டு. பாரம் ஒரு ஓரத்தில் ஏறினால் எச்சரிக்கையே இல்லாமல் பிளந்துவிடும், அதை மட்டும் செய்யாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து ரிவர்ஸில் போடுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு, கிராங்க் புல்லியில் ஒரு கோடு. ஒருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லி நட்டில் பெரிய சாக்கெட் மாட்டித் திருப்ப வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் உட்கார்ந்து ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் சரியாக ஒரு முழுச்சுற்று வரும்போது கிராங்க் நாலேமுக்கால் சுற்று வந்திருந்தால் மூன்று சிங்க்ரோ. மூன்றுக்குச் சற்று மேல் என்றால் நான்கு சிங்க்ரோ. இரண்டுக்கும் ஒட்டாத கணக்கு வந்தால் பெட்டி எம்.ஜி.பி.யுடையதே அல்ல. ஸ்டாண்டு நிறுத்துவதையும் சேர்த்து அரைமணி நேர வேலை. விற்பவர் முகம் சுளிக்க இதில் ஒன்றுமில்லை.

வண்டி உயரத்தில் இருக்கும்போதே கீழே பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிடலாம். எம்.ஜி.பி.யில் பெட்டியை மட்டும் தனியாகக் கீழே இறக்க முடியாது. எஞ்சினும் வெளியே வந்தாக வேண்டும். அதனால் பெட்டி மாறிய வண்டியில் அதன் தடம் பல இடத்தில் கிடக்கும். டனலை முதலில் பாருங்கள். நான்கு சிங்க்ரோ பெட்டி அகலம் கூடியது. அதற்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் இடம் வேண்டுமென்றுதான் மார்க் 2 பாடியின் டனலையே அகலப்படுத்தினார்கள். மார்க் 1 பாடிக்குள் அந்தப் பெட்டியை நுழைத்தவர் டனலைச் சுத்தியலால் அடித்து ஒதுக்கியிருப்பார், அல்லது வெட்டி வெல்டு வைத்திருப்பார். உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கி, கைவிரலால் டனலின் இரு பக்கமும் தடவிப் பாருங்கள். சுத்தியல் தடம், புட்டி, வெல்டு வரி எல்லாம் கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் தெரியும். கீழே அடித்திருக்கும் கறுப்பு அண்டர்கோட் புதிதாக இருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

அடுத்தது பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டம். இரு வகைக்கும் சட்டம் வேறு. மார்க் 1 வண்டியில் சட்டத்துக்குப் புதுத் துளை போட்டிருந்தாலோ, ஆங்கிள் இரும்பில் லேத்காரர் செய்துகொடுத்த சட்டம் இருந்தாலோ விஷயம் வெளிச்சம். போல்ட்டுகளையும் கவனியுங்கள். இந்த வண்டியில் எல்லாம் அங்குல அளவு. அரையங்குல ஸ்பேனர் 12.7 மில்லிமீட்டர், 13 ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துவதால் பலர் அதையே போட்டு முனை மழுக்கியிருப்பார்கள். மழுங்கிய முனை பரவாயில்லை, பழைய போல்ட் என்பதற்கு அது அத்தாட்சி. தலையில் 8.8 என்று பொறித்த மெட்ரிக் போல்ட் பெட்டியையோ சட்டத்தையோ பிடித்திருந்தால் அது எம்.ஜி. ஃபாக்டரி இருந்த அபிங்டனில் மாட்டியது அல்ல.

இங்கே நம் ஊர் உப்புக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் கிடந்த வண்டியில் அலுமினியப் பெட்டியின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் அது அதிகம். இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் இது, ஈரம் காய நேரமே கிடைக்காது. பல வருடம் இங்கேயே கிடந்த வண்டி என்று விற்பவர் சொல்லி, பாடியின் அடிப்பக்கம் துருவேறியிருக்க, பெட்டி மட்டும் சுத்தமாகப் பளபளத்தால், ஒன்று அது சமீபத்தில் வேறெங்கிருந்தோ வந்தது, இல்லையென்றால் வெளியே எடுத்து வேலை பார்த்தது. இரண்டாவதுதான் என்றால் பில் கேளுங்கள். பெட்டியில் குத்திய எண்ணைப் படிக்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்தே போய்விடும். மண்ணெண்ணெயில் பிரஷ் நனைத்துக் கழுவி, காய்ந்ததும் சாக்குக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் குழிந்த எழுத்து மட்டும் கறுப்பாகத் தெரியும். எதனோடும் ஒப்பிட முடியாவிட்டாலும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது பெட்டியை மாற்றிவிட்டால் உங்களிடம் பதிவு இருக்கும்.

ஓவர்டிரைவ் உள்ள வண்டியில் பெட்டியின் வாலில் ஒட்டியிருக்கும் லேகாக் கம்பெனி ஓவர்டிரைவ் யூனிட்டைப் பாருங்கள். மூன்று சிங்க்ரோவுக்கு டி-டைப், விகிதம் 0.802. நான்கு சிங்க்ரோவுக்கு எல்.எச். டைப், 0.82. டி-டைப்பில் சோலினாய்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ஆன் செய்தால் உள்ளேயிருந்து பலமாக "டக்" என்று கேட்கும். எல்.எச்.-இல் பக்கவாட்டு மூடியில் ஒரு லேபிள் தகடு இருக்கும்: முந்தையவற்றில் கறுப்பு, பிந்தையவற்றில் நீலம். நிறம் முக்கியம், ஏனென்றால் இரண்டுக்கும் ஸ்பீடோமீட்டர் டிரைவ் வேறு. கறுப்புக்கு மைலுக்கு 1280 சுற்று, நீலத்துக்கு 1000.

அந்த எண் ஸ்பீடோமீட்டர் முகப்பிலேயே சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். முகப்பில் 1280 இருக்க, கீழே நீல லேபிள் என்றால் பெட்டி, ஸ்பீடோமீட்டர் இரண்டில் ஒன்று வேறு வண்டியுடையது. லேபிள் விழுந்துபோயிருந்தால் அளந்தே பார்க்கலாம். ஸ்பீடோமீட்டரின் பின்பக்கம் கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் நுனியில் காகிதத்தைக் கொடிபோல ஒட்டுங்கள். சமதரையில் நேர்கோட்டில் 52 அடி 9½ அங்குலம், அதாவது 16.09 மீட்டர், அளந்து குறித்துக்கொண்டு வண்டியை நியூட்ரலில் தள்ளுங்கள். இது மைலில் நூறில் ஒரு பங்கு. கொடி 12.8 சுற்று சுற்றினால் 1280. பத்து சுற்று என்றால் 1000. டயர் அளவு மாறியிருந்தால் கணக்கு கொஞ்சம் பிசகும், ஆனால் பத்தும் பன்னிரண்டேமுக்காலும் குழம்பும் அளவுக்குப் பிசகாது.

ஓவர்டிரைவ் பிற்பாடு மாட்டியதா என்பதை வயரிங்கும் சொல்லும். எஞ்சினை ஆஃப் செய்து சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். நான்காம் கியரில் போட்டு ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டினால் சோலினாய்டு சத்தம் கேட்க வேண்டும். ஒன்றிலும் ரிவர்ஸிலும் கேட்கக் கூடாது. அங்கும் கேட்டால் பெட்டியிலிருக்கும் தடுப்புச் சுவிட்சை யாரோ நேரடியாகக் கம்பி போட்டு இணைத்துவிட்டார்கள். இது ஒரிஜினலா என்பதைவிடப் பெரிய பிரச்சினை: ஓவர்டிரைவ் பிடித்த நிலையில் ரிவர்ஸ் எடுத்தால் யூனிட் உள்ளே உடைந்துபோகும். அப்படி இணைத்த வண்டியை வாங்கினாலும் வீட்டுக்கு ஓட்டிப்போகும் முன் அந்த வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

ஷாஃப்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆக்ஸிலைப் பொறுத்தும் பெட்டியைப் பொறுத்தும் நீளம் மாறும். நடுவில் வெட்டிச் சுருக்கி வெல்டு வைத்த தடமோ, ஜீப்பின் கிராஸ் மாட்டிய ஃபிளாஞ்சோ இருந்தால் பெட்டி வேறு.

ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது கடைசி. காவல்கிணறு தாண்டி நெல்லை போகும் நான்குவழிச் சாலை இதற்குத் தோது. டாப் கியரில், போன் ஜி.பி.எஸ். 80 கிலோமீட்டர் காட்டும்போது டேக்கோமீட்டர் 2,800-ஐ ஒட்டி நிற்க வேண்டும். கம்பெனி கிரவுன் (பின் ஆக்ஸிலின் கியர் விகிதம்) 3.909, அதுவே எல்லா நாலு சிலிண்டர் எம்.ஜி.பி.க்கும். ஓவர்டிரைவ் போட்டதும் 2,250 பக்கம் இறங்க வேண்டும். டாப்பிலேயே கணக்கு தப்பினால் கிரவுனையோ டயரையோ சந்தேகியுங்கள், பெட்டியை அல்ல. டாப் எந்தப் பெட்டியிலும் ஒன்றுக்கு ஒன்றுதான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் காற்றடிக்கும் மாதங்களில் பெட்டிச் சத்தத்தைக் கேட்க முயல்வது வீண். அதற்குக் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் ரப்பர் தோட்டத்துச் சாலை மேல். ஏற்றத்தில் ஒன்றாம் கியரில் மெதுவாக ஏறுங்கள்: மூன்று சிங்க்ரோவின் ஒன்றாம் கியர் நேர்ப்பல், பாடிக்கொண்டே ஏறும், அது நோய் அல்ல. இறக்கத்தில் இரண்டிலும் மூன்றிலும் போட்டு ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் உள்ளே தேய்மானம், பெட்டி இறக்கும் செலவு இருக்கிறது.

நம்மூரில் ஒரு குழப்பம் வர வாய்ப்பு உண்டு. அம்பாசடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் ஒரே பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பம். அதனால் அம்பாசடர் ஆசான்மாருக்கு இந்த எஞ்சின் கைவந்த வேலை. அது நமக்குக் கொள்ளாம். ஆனால் பெட்டி விஷயத்தில் அந்தப் பழக்கமே இடைஞ்சலாகிறது. பெட்டி என்றதும் 90 கியர் ஆயில் ஊற்றிவிடுகிறார்கள். எம்.ஜி.பி. பெட்டிக்கு எஞ்சினில் ஊற்றும் அதே 20-50 ஆயில்தான். மூன்று சிங்க்ரோவுக்கு இரண்டரை லிட்டர் போல, ஓவர்டிரைவோடு மூன்று. நான்கு சிங்க்ரோவுக்கு மூன்று, ஓவர்டிரைவோடு மூன்றே கால் முதல் மூன்றரை. ஓவர்டிரைவுக்கும் பெட்டிக்கும் ஒரே எண்ணெய், யூனிட்டின் சொந்தப் பம்பு அதை நுண்ணிய வால்வுகள் வழியாகத் தள்ளுகிறது. கெட்டி எண்ணெயில் அது தாமதமாகப் பிடிக்கும், வழுக்கும். சில கியர் ஆயில்களிலுள்ள கந்தகச் சேர்மானம் சிங்க்ரோவின் வெண்கல வளையங்களை அரிக்கும். டிப்ஸ்டிக்கில் கந்தக வாடை அடித்தால், பெட்டி ஒரிஜினலாகவே இருந்தாலும், உள்ளே எவ்வளவு நாள் இந்த எண்ணெய் கிடந்தது என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

கான்டெஸாவின் இசுசு ஐந்து கியர் பெட்டி, வெளிநாட்டில் ஃபோர்டு டைப் 9 ஐந்து கியர் பெட்டி என்று மாற்றியவர்களும் உண்டு. நெடுஞ்சாலையில் ஓட்ட நன்றாகத்தான் இருக்கும். என் கணக்கில் மார்க் 2-வில் டனலைத் தொடாமல் செய்த மாற்றம் பெரிய குறையல்ல, திருப்பிவிடலாம். மார்க் 1 பாடியை வெட்டிச் செய்ததுதான் குறை. காகித விஷயத்திலும் அது வேலை காட்டலாம். 50 வருடம் தாண்டிய வண்டிகளை வி.ஏ. எண் வரிசையில் வின்டேஜ் வண்டியாகப் பதிவுசெய்ய 2021-இல் வந்த விதிகள் சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கின்றன. கியர்பாக்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. வெட்டிய டனல் பாடி ஷெல்லில் சேரும் என்று அதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது வாங்கியவர்தான்.

"பழைய பெட்டி வீட்டுப் பின்னால் ஷெட்டில் கிடக்கிறது, அதையும் தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால் பெட்டியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். மூன்று சிங்க்ரோவைத் திருப்பி மாட்ட, அதற்குரிய ஃபிளைவீல், எஞ்சின் பின்தகடு, பெண்டிக்ஸ் ஸ்டார்ட்டர், குறுக்குச்சட்டம், ஷாஃப்ட் எல்லாம் கூடவே வேண்டும். மூன்று பேரிங் எஞ்சினுக்கும் ஐந்து பேரிங் எஞ்சினுக்கும் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் நுனி வேறு அளவு, கிராங்கின் நுனியிலுள்ள புஷ் அதற்கேற்ப மாறும். ஷெட்டில் கிடக்கும் பெட்டி 18ஜி-க்குரியதா 18ஜி-பி-க்குரியதா என்று வெர்னியர் வைத்து நுனியை அளந்து, வண்டியிலுள்ள எஞ்சினோடு ஒத்துப்பாருங்கள். பெல்ஹவுசிங் ஓரத்தில் கீறல், டிரெயின் பிளக் மரை, உள்ளே மழைவெள்ளம் புகுந்து எண்ணெய் பால்போல வெளுத்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். மேற்சொன்னவற்றில் எது குறைந்தாலும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் செலவையும் சுங்க வரியையும் எழுதிக் கூட்டி, வண்டி விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.